கிளிப்பச்சை ஜிப்பா

"இந்தக் கல்யாணத்துக்கு நான் கருநீலச் சட்டைதான் போடுவேன். எவ வந்து தடுத்தாலும் சரி!"

இந்தச் சபதத்தை நான் எடுத்தது குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு. வெளியே என் மனைவி லோகேஸ்வரிக்குக் கேட்டுவிடக் கூடாது பாருங்கள்.

சிரிக்காதீர்கள். இது என் மானப் பிரச்சினை. இங்கே பினாங்கில், நிபோங் திபாலில் இருக்கிற என் மச்சினன், லோகுவின் தம்பி ஜெயராஜ் வீட்டு ஹாலில் ஒரு குடும்பப் படம் தொங்குகிறது. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அவன் கல்யாணத்தில் எடுத்தது. எல்லோரும் மனிதர்களாக நிற்கிறார்கள். ஓரத்தில் ஒருவன் மட்டும் கிளிப்பச்சை ஜிப்பாவில், பார்ப்பவர் கண்ணைக் கூச வைத்துக்கொண்டு நிற்கிறான். அவன்தான் நான். அந்தக் கலரைத் தேர்ந்தெடுத்தது லோகு. ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீட்டுக்கு வரும் யாராவது ஒருவர் படத்தைப் பார்த்து, "யாரு லா இந்தக் கிளி?" என்று கேட்பார். ஜெயராஜ் என்னைக் கைகாட்டுவான். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். இருபத்தாறு தீபாவளி ஐயா! என் பல் தேய்ந்தது முறுக்கினால் மட்டும் இல்லை.

இப்போது ஜெயராஜ் மகளுக்குக் கல்யாணம். பழைய படத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் புதுக் குடும்பப் படம் மாட்டப் போகிறார்கள். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. அவனுக்கு இருப்பதோ ஒரே மகள். இதை விட்டால் அந்தச் சுவரில் எனக்கு விமோசனமே கிடையாது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். எனக்குக் கீழே நாற்பது பேர். அங்கே நான் கையைத் தூக்கினால் மெஷின் நிற்கும். வீட்டில் கையைத் தூக்கினால், "அப்படியே அந்த அலமாரி மேல இருக்கற டப்பாவ எடுங்க" என்பாள் லோகு.

அந்த லோகு போன மாதம் ஒரு வகுப்புக்குப் போய் வந்தாள். ஆளின் தோல், முடி, கண், மனநிலை எல்லாம் பார்த்து, எந்தக் கலர் பொருந்தும் என்று கண்டுபிடிக்கிற வகுப்பாம். ஒரே ஒரு சனிக்கிழமை. திரும்பும்போது கையில் ஒரு சர்டிபிகேட்டும் முப்பது துண்டுத் துணியும் இருந்தன. மறுநாள் காலை, டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் ஒவ்வொரு துண்டாகப் போர்த்தினாள். முடிவெட்டும் கடை மாதிரியே இருந்தது. வெட்டத்தான் முடி இல்லை.

"வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க. உங்க அண்டர்டோன் பாக்கணும்."

"எனக்கு அதெல்லாம் கிடையாது லோகு. போன வருஷம் ஃபுல் செக்கப் பண்ணப்பகூட டாக்டர் ஒன்னும் சொல்லல."

"பேசாதீங்க, தாடை ஆடுது." கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நெனச்சேன். நீங்க இலையுதிர்காலம்."

"என்னது?"

"ஆளுங்கள நாலு பருவமா பிரிக்கறாங்க. உங்க தோலுக்கு நீங்க இலையுதிர்காலம்."

"பினாங்குல ஏது லா இலையுதிர்காலம்? இங்க ஒன்னு வெயில், இல்லன்னா மழை."

"அதான் இங்க எதுவுமே உங்களுக்கு ஒத்துவர மாட்டேங்குது."

"அப்ப நீ?"

"நான் வசந்தம்." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சரி, கல்யாணத்துக்கு எனக்கு என்ன கலர்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கடுகு மஞ்சள். குடும்பம் முழுக்க அந்தக் கலர்தான், வாட்சாப் குரூப்ல முடிவாயிடுச்சு. உங்க மூடுக்கும் அதான் நல்லது. எப்பப் பாத்தாலும் பஸ்ஸ விட்டவர் மாதிரி உக்காந்திருக்கீங்க. மஞ்சள் போட்டா மனசு மலரும்."

"கருநீலம் போட்டா?"

"கருநீலமா! உங்களுக்கா! ஐயோ, அறவே ஆகாது. என் உயிரே போனாலும் சம்மதிக்க மாட்டேன்."

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சுவர் தெரிந்தது. கிளி போய்விட்டது. அதே இடத்தில் ஒரு மாம்பழம் நின்றுகொண்டிருந்தது. "யாரு லா இந்த மாம்பழம்?" சாகும்வரை முறுக்கு கடிக்க என்னால் ஆகாது.

உலகத்தில் லோகு வாயை மூடிக்கொண்டு கேட்கும் பேச்சு ஒருவருடையதுதான். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் மஹ்பூபா அக்கா. அவர் ஒரு புடவையைத் தொட்டு "இது வேணாம்" என்றால் வேண்டாம்தான். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேரே அவர் கடைக்கு ஓடினேன்.

"அக்கா, நாளைக்கு லோகு என்னைக் கூட்டிட்டு வருவா. என்னைப் பாத்ததும் நீங்க, 'தம்பிக்குக் கருநீலம்தான் பொருந்தும்'னு ஒரு வார்த்தை சொல்லணும். என் மானம் உங்க கையிலதான் இருக்கு."

"அவ்வளவுதானே தம்பி? சொல்லிட்டா போச்சு."

ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கெஞ்சுவதற்கு நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த மூன்று வரியும் வீணாகப் போயிற்று. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் கடைக்குள் கால் வைத்ததும் அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடடா! தம்பி நெறத்துக்குக் கருநீலம் போட்டா அப்படியே எடுப்பா இருக்குமே!"

லோகு என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"அக்காவே சொல்லும்போது நான் என்ன சொல்றது? வெட்டுங்க."

உயிரே போனாலும் சம்மதிக்காதவள் அரை நிமிடத்தில் சம்மதித்தாள். உயிரும் போகவில்லை, நன்றாகத்தான் இருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வரும் வழியில் நானே அவளுக்கு ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

கல்யாண நாள். நிபோங் திபால் டேவான் மண்டபத்தில் மச்சினன் குடும்பம் முழுக்கக் கடுகு மஞ்சள். நடுவில் நான், கருநீலத்தில், முழுக்கைச் சட்டையில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தேன். வாசலில் பன்னீர் தெளித்த பெண்கூட என்னை இன்னொரு முறை பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. நாலு நிமிடம் இருந்திருக்கும்.

பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பிடித்தது. "வந்துட்டீங்களா அண்ணே! ஒரு ஆள் கொறையுதுன்னு தவிச்சுப் போயிட்டேன்!"

சாப்பாட்டு கான்ட்ராக்டர் பழனியப்பன். அவர் பின்னால் ஆறு பேர். ஆறு பேரும் கருநீலம். அதே துணி, அதே முழுக்கை. நான் வாயைத் திறப்பதற்குள் கையில் சாம்பார் வாளி வந்துவிட்டது.

"ஐயோ, நான் பொண்ணோட மாமா!"

"இங்க எல்லாருமே பொண்ணுக்கு மாமாதான் அண்ணே. மூணாவது வரிசையில சாம்பார் கேக்கறாங்க, ஓடுங்க!"

ஓடினேன். வேறென்ன செய்வது? ஒரு பாட்டியம்மா பச்சடி வரவில்லை என்று என்னைத் திட்டினார். ஐந்தாவது வரிசையில் யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா? எனக்குக் கீழே வேலை செய்யும் ஷர்வின்.

"பாஸ்! நீங்க பார்ட் டைமா?" என்றவன், "கொஞ்சம் முருங்கைக்காயா பாத்துப் போடுங்க பாஸ்" என்றான்.

பூமி பிளக்கவில்லை. முருங்கைக்காயாகப் பார்த்துப் போட்டேன்.

வாளியோடு போய் லோகுவைப் பிடித்தேன். முன்வரிசையில் வசந்தம் மாதிரியே உட்கார்ந்திருந்தாள்.

"லோகு, பழனியப்பன் ஆளுங்க எல்லாரும் இதே நீலம்!"

"தெரியுமே. மஹ்பூபா அக்கா கடையில அவருக்குத் துணி எடுத்துக் கொடுத்ததே நான்தான். ஒரு ஆள் கொறையுதுன்னாரு. நான் தரேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். அக்காகிட்டயும் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன்."

"என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா செஞ்சிருப்பீங்களா? எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும் கார் பார்க்ல நின்னு கதை அடிக்கறதுதானே உங்க வேலை? மஞ்சள்னு சொன்னாத்தான் நீங்க நீலத்துக்கு ஓடுவீங்க."

"நான் கருநீலம்தான் கேப்பேன்னு உனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?"

"அடுத்த தடவை சபதம் எடுக்கும்போது தண்ணிய இன்னும் கொஞ்சம் வேகமா தொறந்துவிடுங்க."

அதற்குள் மேடையிலிருந்து குரல்: "ஃபேமிலி போட்டோ! எல்லாரும் வாங்க!"

படம்! வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் மேடைக்குப் பாய்ந்தேன். ஓரத்தில் இடம் பிடித்து நின்றேன். போட்டோ எடுக்கிற தனேஷ் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அண்ணே, சாப்பாட்டு ஆளுங்க கொஞ்சம் தள்ளிக்குங்க. ஃபேமிலி மட்டும்."

"நானும் ஃபேமிலிதான் தம்பி!"

"அப்ப மஞ்சள் எங்க அண்ணே?"

பதில் சொல்லத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்துக் கீழே பந்தியிலிருந்து யாரோ "சாம்பார்!" என்று கத்தினார்கள். "இதோ வந்துட்டேன்!" என்றது ஒரு குரல். கேட்டால் நம்ப மாட்டீர்கள், அது என் குரல். ஒரு மணி நேரத்தில் அப்படிப் பழகிவிட்டது. கால் தானாக இறங்கியது. பின்னால் வெளிச்சம் பளிச்சிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயராஜ் வீட்டுக்குப் போனோம். அந்த ஆணியில் புதுப் படம். எல்லோரும் மஞ்சளில் சிரிக்கிறார்கள். ஓரத்தில் கருநீலமாக ஒரு முழங்கையும் கால்வாசி வாளியும் தெரிந்தன. அவ்வளவுதான் நான். தொலையட்டும், கிளியாவது ஒழிந்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டு சோபாவில் சாய்ந்தேன். எதிர்ச்சுவரில் புது ஆணி. புது ஃப்ரேம். முன்னதைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கிளிப்பச்சை ஜிப்பாவில் நான்.

"டேய், இது ஏண்டா இன்னும் இருக்கு?"

"லோகு அக்காதான் சொன்னாங்க மச்சான்" என்று முறுக்குத் தட்டை நீட்டினான் ஜெயராஜ்.

லோகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "புதுப் படத்துல நீங்க இல்லையேங்க. அந்தக் கொறை தெரியக் கூடாதுன்னுதான் பெருசு பண்ணி மாட்டச் சொன்னேன்."