ராகு காலத்துக்குள் வராத கிரகங்கள்

புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய விளையாட்டுகள் பிடிக்காது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு. ரொம்பப் பிடிக்கும். பிடித்த பலகாரத்தைக் கண்ட பிள்ளை மாதிரி ஒரே வாயில் விழுங்கிவிடும். சிக்கலே அதுதான். அந்தக் காலத்து விளையாட்டுகள் பலவற்றுக்குச் சொந்தமாக நேரக் கணக்கு கிடையாது. மெஷின் எவ்வளவு வேகமோ, ஆட்டமும் அவ்வளவு வேகம். மெதுவான மெஷினுக்காக எழுதியதைப் புதிதில் போட்டால், நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் ஆட்டம் தொடங்கி, முடிந்து, நீங்கள் தோற்றும் போயிருப்பீர்கள்.

இதை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம் (இருவருக்கும் வருத்தமில்லை). அதன்பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, பெங்களூரில் பேக்கரி, கொஞ்ச காலம் லாரி கிளீனர். சில ஊர்களில் பசித்தது, சில ஊர்களில் பசிக்கவில்லை. ஊர்களுக்குள் நான் கண்ட பெரிய வித்தியாசம் அதுதான். கடைசியில் திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பெட்டி தூக்கினேன். தூக்கிய பெட்டியைத் திறந்து பார்த்தேன். திறந்ததை மூடத் தெரிந்த அன்றே என்னை நானே மெக்கானிக் ஆக்கிக்கொண்டு, அரியலூரில் வேறொரு கடையில் சர்வீஸ் ஆளாகச் சேர்ந்தேன்.

திருமழபாடியில் வாக்கப்பட்டிருந்த என் அக்காவுக்கு அது போதும். "தம்பி கம்ப்யூட்டர் இன்ஜினியரு" என்று ஊரெல்லாம் சொல்லி, ஆலத்தியூரில் ஒரு பெண்ணையும் பார்த்துவிட்டாள். 2003ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளுத்த சட்டை, கடன் வாங்கிய கைக்கடிகாரம் சகிதம் போய் இறங்கினேன்.

பெண்ணின் அப்பா சாமிக்கண்ணு சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஓட்டும் லாரிக்காரர். கூடத்தில் புத்தம் புதிய கம்ப்யூட்டர், மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். அதில் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் சிடி ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்.

"சோசியரு ஆளப் பாத்துச் சொல்வாரு தம்பி. கம்ப்யூட்டருக்கு ஆளத் தெரியாதுல்ல? உள்ளதச் சொல்லிப்புடும்" என்றார். "எங்கண்ணன் பஸ்ல வந்துகிட்டிருக்காரு. அவர அழைச்சிட்டு வந்துடுறேன். நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி பொருத்தத்தப் போட்டுப் பொண்ணயும் காட்டிடுவோம்."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும், பெண்ணின் அம்மா ராசாத்தி அத்தை கேசரித் தட்டோடு வந்து என் எதிரில் நின்றார். தட்டை நீட்டவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கத்தை."

"பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்துச்சு. ஆலையில கழிச்சுப் போட்டது. அதுல ஒரு கார் ஆட்டம். நான்தான் ஆடுவேன். இடி வுழுந்து பொட்டி போயிடுச்சு, ஆட்டம் மட்டும் பிளாப்பியில இருக்கு. இந்தப் புதுசுல போட்டா காரு கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது. பொட்டி வித்தவன்ட்ட கேட்டேன், சிரிக்கிறான். நீங்க இன்ஜினியராச்சே?"

அக்கா என் விலாவில் இடித்தாள். எனக்கு இடியே தேவையில்லை. அந்த வயதில் "முடியுமா?" என்று யாராவது கேட்டால் கேள்வி முடிவதற்குள் நான் "முடியும்" சொல்லிவிடுவேன். கேசரியும் அப்போதுதான் கைக்கு வந்தது.

ஆட்டத்தைப் போட்டேன். ஒரு பொத்தான்தான் அழுத்தினேன். சாலை, மரம், பாலம், மோதல், ஆட்டம் முடிந்தது. அத்தை பெருமூச்சு விட்டார்.

"பாத்தீங்களா? நம்மூட்டு லாரி எறக்கத்துல கூட இப்புடிப் போனதில்ல."

முதலில் மெஷினுக்கு வேலைப்பளு கொடுத்துப் பார்த்தேன். பின்னால் இரண்டு படப் பாட்டுகளை ஓடவிட்டேன். கார் கொஞ்சமும் தளரவில்லை, பாட்டோடு சேர்ந்து இன்னும் உற்சாகமாக மோதியது. அப்போதுதான் திருச்சிக் கடையில் கேள்விப்பட்ட வித்தை ஞாபகம் வந்தது. மெஷினை மறுபடி இயக்கி, விண்டோஸ் வருவதற்கு முன்னால் வரும் நீலத் திரைக்குள் நுழைந்தேன். அங்கே 'கேஷ்' என்று ஒன்று உண்டு. சமையல்காரர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் அஞ்சறைப் பெட்டி மாதிரி. அதை அணைத்துவிட்டால், ஒவ்வொரு கடுகுக்கும் மெஷின் கடைவீதி வரை போய் வர வேண்டும்.

அணைத்தேன்.

பாட்டெல்லாம் இல்லாமல் ஆட்டத்தை மட்டும் போட்டேன். கார் அசைந்தது. பிறகு கம்பீரமாக ஊர்வலம் போல நகர்ந்தது. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு வளைவு தாண்டினார். பாலம் தாண்டினார்.

"அதே காருதான்! அதே ஓட்டம்! கலை, இங்க வந்து பாருடி!" என்று பெண்ணைக் கூப்பிட்டே விட்டார்.

"பொருத்தம் போடாம வரக் கூடாதுன்னு அப்பா சொன்னாரும்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்தக் குரலுக்கே நான் பாதி மாப்பிள்ளை ஆகிவிட்டேன்.

சாமிக்கண்ணு மாமா அண்ணனோடு வந்தபோது நாலு மணி. "என்னமோ பண்ணி ஓட வச்சுட்டாருங்க" என்று அத்தை எழுந்து இடம் கொடுத்தார். மாமா முகத்தில் மருமகனைக் கண்ட களை. பொருத்த சிடியைச் சொடுக்கினார்.

மணல்கடிகாரம் வந்தது.

அதைத் தவிர எதுவும் வரவில்லை. நான் மெதுவாக்கியது காரை மட்டுமல்ல, முழு மெஷினையும் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபடி இயக்கிச் சரிசெய்யலாம். ஆனால் இந்த வேகத்தில் அணைந்து எழவே ராகு காலம் வந்துவிடும். சரிசெய்தால் அத்தையின் கார் மறுபடி பறந்துவிடும். கூடத்தில் எனக்கு விழுந்திருந்த ஒரே ஓட்டு அத்தையுடையது. அதையும் இழக்கச் சொல்கிறீர்களா?

"இப்ப வந்துடும்" என்றேன். (இதைச் சொல்ல மட்டும் எனக்குப் பயிற்சி தேவைப்பட்டதே இல்லை.)

பேர் எழுத ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, ஒவ்வொன்றும் திரைக்கு வரக் காத்திருந்தோம். பிறகு ராசிக் கட்டம் கோடு கோடாக விழத் தொடங்கியது. மாமாவின் அண்ணன், அதாவது கலையின் பெரியப்பா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"என்ன தம்பி, கட்டம் இருக்கு, ஒரு கெரகத்தையும் காணுமே?"

"தூரத்துலேர்ந்து வரணும்ல மச்சான்" என்றார் அத்தை.

"நேத்து ஒரு நொடியில வந்துச்சே!" என்றார் மாமா என்னைப் பார்த்து.

சூரியன் ஒன்று மட்டும் வந்து சேர்ந்தபோது நாலரை. மாமா நாற்காலியில் சாய்ந்தார். "ராகு காலம் முடியட்டும். அதுவரைக்கும் ஒண்ணும் பேச வாணாம்." பஜ்ஜி ஆறியது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடி ஒன்பதாம் வகுப்புக்குப் போய் வந்தேன்.

கல்யாணப் பேச்சே கூடாதென்றால், பெண்ணும் பெண் இல்லை, மாப்பிள்ளையும் மாப்பிள்ளை இல்லை என்று ஆகிறது. அந்தச் சட்டப்படியோ என்னவோ, கலையரசி ஆறிய பஜ்ஜித் தட்டை எடுக்கும் சாக்கில் வெளியே வந்து, திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"எந்த காலேஜுல இன்ஜினியரிங் படிச்சீங்க?"

அக்கா கண்ணைக் காட்டினாள். எனக்கு அலுத்துப்போயிருந்தது.

"படிக்கலங்க. ஒம்பதாவதுதான். பொட்டி தூக்கித் தூக்கிக் கத்துக்கிட்டது."

"இது இப்புடி நிக்கிறதுக்கு நீங்கதான் காரணமா?"

"ஆமாங்க. சரி பண்ணிடலாம். ஆனா உங்கம்மா காரு பறந்துடும்."

அவள் தட்டால் வாயை மறைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளே போய்ச் சிரித்தது கூடத்துக்குக் கேட்டது. மாமாவுக்கும் கேட்டது, நான் சொன்னதும் சேர்த்து.

"ஒம்பதாவதா?" என்றார்.

"ஆமா மாமா."

"அதோட, புதுசா வாங்குன பொட்டிய அரை மணி நேரத்துல பழசாக்கிட்டீங்க?"

"ஆமா மாமா."

பெரியப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அக்கா பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பஸ் நேரம் கேட்பதுதான் பாக்கி.

ஆறு மணிக்கு மேல், ஒவ்வொன்றாக, விருந்துக்குத் தாமதமாக வரும் சொந்தக்காரர்கள் போலக் கிரகங்கள் வந்து உட்கார்ந்தன. கடைசியில் சனி. பத்துக்கு ஏழு பொருத்தம் என்றது திரை.

மாமா திரையை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். அத்தைதான் சொன்னார்.

"மத்த வூட்லயெல்லாம் ஒரு நொடியில பொருத்தம் பாத்து வுட்டுடுது. நம்ம வூட்டுது ரெண்டு மணி நேரம் யோசிச்சுப் பாத்திருக்கு. தப்பா இருக்காது. பொண்ண வரச் சொல்லுங்க."

தை மாதம் கல்யாணம். மண்டபத்தில் வீடியோக்காரரிடம் மாமனார் சொன்ன முதல் வார்த்தை: "மாப்ளைய கேமராவத் தொட வுடாதீங்க." பில் போடவும் பொருத்தம் பார்க்கவும் பிறகு வேறொரு மெஷின் வாங்கினார். நான் போகும்போதெல்லாம் அதைப் போர்வை போட்டு மூடிவிடுவார். பழையது, அதாவது நான் பழசாக்கிய புதுசு, மாமியாருக்கே ஆகிவிட்டது.

இப்போதும் லீவுக்கு அங்கே போனால், குளித்துக் கிளம்பவே என் மகன் ஒரு மணி நேரம் எடுப்பான். வாசலில் தாத்தா லாரி ஹாரன் அடிப்பார். கலை உள்ளே திரும்பிக் கத்துவாள்: "டேய், உங்கப்பா உனக்குள்ளயும் எதையாச்சும் அணைச்சு வச்சுட்டாரா?"

மாமியார் காரைப் பாலத்தில் ஏற்றிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் பதில் சொல்வார்.

"வருவான்டி. கெரகமே வந்துச்சு."