ஓணான் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்த மத்தியானம்

கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ஒரு நாற்காலிக்குக் கொடுத்த காசு மொத்தமாகத் தண்டமாய்ப் போனது என்றால், அது ஓணான் அண்ணனுக்கென்று எங்கள் ஆபீஸில் வாங்கிப்போட்ட நாற்காலிதான். அதில் அவருடைய குடை இருக்கும். சாப்பாட்டுப் பை இருக்கும். அவர் மட்டும் இருக்கமாட்டார்.

கோட்டாறு கடைத்தெருவில் மிளகாய் அரைக்கும் மில் ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். வீடு கட்டுகிறவர்களுக்குக் கணினியில் படம் வரைந்து கொடுப்பது தொழில். தும்மல் இலவசம். அங்கே ஓணான் அண்ணன் நின்றுகொண்டே வரைவார், நடந்துகொண்டே டீ குடிப்பார். ஒரு கடையில் வாங்கிய கிளாஸை இன்னொரு கடையில் வைத்துவிட்டு வந்துவிடுவார். இரண்டு டீக்கடைக்காரர்களும் அவ்வப்போது கூடி கிளாஸ்களைப் பாகம் பிரித்துக்கொள்வார்கள். மணவாளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவார் என்று பேர். பஸ் எங்காவது இரண்டு நிமிஷம் நின்றால் இறங்கி நடந்துவிடுவார். அவரைத் தாண்டிப் போகும் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் கையசைப்பார். ஒல்லி உடம்பு, பேசினால் தலை மேலும் கீழும் ஆடும். பட்டப்பேர் வைக்க யாரும் மூளையைக் கசக்கவில்லை.

நிறம் மாற்றுகிற வித்தை பிறகு வந்து சேர்ந்தது. வீட்டுப் படத்தில் சுவர் ஒரு லேயர், கதவு ஒரு லேயர், கட்டில் மேசை ஒரு லேயர், அளவுக் கோடுகள் ஒரு லேயர். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுக்கவேண்டும். நாங்கள் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்க அண்ணனுக்கு முடியுமா? இணையத்தில் அங்கே இங்கே பார்த்து, தானே படித்து, ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டார். படத்தைத் திறந்தால் போதும், எல்லா லேயரும் தானாக நிறம் பூசிக்கொண்டு நிற்கும். எங்கள் முதலாளியான என்ஜினியர் மகிழ்ந்து எல்லாக் கணினியிலும் அதை ஏற்றச் சொன்னார்.

அத்தோடு விட்டிருந்தால் அவர் ஏன் ஓணான்? ஒரு மாசத்துக்குள் அவருக்கு அந்த நிறங்கள் சலித்துவிட்டன.

"ஒரே நிறத்தப் பாத்துட்டே இருந்தா கண்ணு ஒறங்கிப் போவும் மக்கா, கேட்டியா" என்று சொல்லி, அரை மணிக்கு ஒருதரம் ஏதாவது ஒரு லேயர் நிறம் மாறும்படி செய்துவிட்டார். காலையில் மஞ்சளாக இருந்த சுவர் பன்னிரண்டரைக்குப் பாசி நிறமாகும். சாயங்காலம் நாலு மணிக்கு நாவல் பழம். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், தான் வரைந்த தூண் கண்முன்னே சிவந்ததைப் பார்த்து, எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தான். எங்களுக்குப் பழகிவிட்டது. ஆபீஸ் கடிகாரம் ஓடாமல் நின்றபோதுகூட யாரும் பேட்டரி மாற்றவில்லை. கதவு ஊதாவானால் சாப்பாடு.

இதில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருந்தது. தாளில் அச்சடிக்கும்போது எல்லாம் கறுப்புதான். ஆனால் எந்தக் கோடு தடிமன், எந்தக் கோடு மெலிசு என்பதைப் பிரிண்டர் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். மஞ்சள் என்றால் தடி. பாசி என்றால் மயிரிழை. மத்தியானம் கீழே மில் ஓடினால் மாடியில் கரண்ட் தள்ளாடும், ஆகவே நாங்கள் அச்சடிப்பது எப்போதும் காலை பத்து மணி வாக்கில். அதனால் யாருக்கும் இது தெரியாமலே போயிற்று.

இராஜாக்கமங்கலத்துச் செல்வி அக்காவின் வீட்டுப் படத்துக்கு வரும்வரை.

அக்காவின் மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. அக்கா அவருடைய அண்ணன் வீட்டில் ஒரே அறையில் பிள்ளைகளோடு இருந்தாள். அந்த வீட்டு அம்மா சமைத்து முடித்து அடுப்பை விட்டால்தான் இவள் உலை வைக்கலாம். இந்த லீவில் எப்படியாவது வீட்டுக் கடனுக்கு அவரைக் கையெழுத்துப் போடவைத்துவிட வேண்டும் என்று எங்கள் படியை ஏறி இறங்கித் தேய்த்துவிட்டாள். அவள் படத்தை அச்சடித்த அன்று பாதியில் மை தீர்ந்தது. மில் அடைப்பு நாள், கரண்ட் தாராளம். வடசேரி போய் மை வாங்கிவந்து மிச்சப் பிரதிகளை மத்தியானம் எடுத்துக் கொடுத்தோம்.

மாப்பிள்ளைக்கு மறுநாள் விடியலில் விமானம் என்ற நிலையில் வங்கியிலிருந்து படங்கள் திரும்பி வந்தன. அங்கே படம் பார்க்கிற பொறியாளர் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றில் வீடு இருந்தது. இன்னொன்றில் சுவரெல்லாம் சிலந்தி நூலாகப் போய், கட்டில் மட்டும் கோட்டை மாதிரி நின்றது. கடன் கேட்பது வீட்டுக்கா கட்டிலுக்கா என்று கேட்டாராம். நாலு மணிக்குள் ஒரே மாதிரி பிரதிகள் வந்தால் இன்றே கையெழுத்து. இல்லையென்றால் அடுத்த லீவுக்கு. அது இரண்டு வருஷம் கழித்து.

செல்வி அக்கா படிவாசலில் நின்றாள். மாப்பிள்ளை அவள் பின்னால், கையில் கிடந்த வாட்ச்சையே பார்த்துக்கொண்டு.

"அண்ணே, எனக்க அடுப்ப நான் நெனச்ச நேரத்துக்குப் பத்த வைக்கணும். அதுக்கு நாலு செவரு வேணும். இப்ப அதும் இல்லன்னா சொல்லுகியோ?"

ஓணான் அண்ணனின் தலை ஆடவில்லை. அதுவரை அது ஆடாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது.

என்ஜினியர் கத்தினார்: "வே, அந்தச் சனியன எடுத்து வெளியில போடும்!"

எடுத்துப் பார்த்தோம். பழைய நிறம் எதையும் படம் நினைவில் வைத்திருக்கவில்லை. எல்லா லேயரும் ஒரே வெள்ளை, எல்லாக் கோடும் ஒரே தடிமன். சுவர் எது அளவு எது என்று வரைந்த எனக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டி நிறம் கொடுக்க நேரமில்லை, மறுபடி ஏற்றினோம். சுவர் பாசி. மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

அண்ணன் ஜன்னலுக்குப் போனார், படிக்குப் போனார், திரும்ப ஜன்னலுக்கு வந்தார். பிறகு படியிறங்கி ஓடினார். கீழே என்ன சொன்னாரோ, மிளகாய் மில் நின்றது. மேலே ஓடிவந்து, குடையையும் பையையும் தரையில் தள்ளிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கணினியின் கடிகாரத்தைப் பிடித்துக் காலை பத்து மணிக்கு இழுத்துவைத்தார். சுவர் மஞ்சளாயிற்று.

எங்கள் பிரிண்டர் கிழடு. ஒரு பிரதி இறங்குவதற்குள் அவர் வைத்த பத்து மணி பத்தேகாலாகும். உடனே மறுபடி பத்துக்கு இழுப்பார். அடுத்த பிரதி. மறுபடி பத்து. கால் இரண்டும் மேசைக்கடியில் நடந்துகொண்டே இருந்தன. கொஞ்சம் எழுந்து காற்று வாங்குங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எழும்புனா நடந்துருவேன் மக்கா. நடந்தா மறந்துருவேன். பாவம், அந்தப் பிள்ள."

மணி மூன்றரையைத் தொடும்போது மாப்பிள்ளை சுருட்டிய தாள்களோடு ஆட்டோவில் ஏறினார். அண்ணன் ஆட்டோவுக்கு முன்னால் ஓடினார்.

வங்கியில் அந்தப் பொறியாளர் எல்லாப் பிரதிகளையும் புரட்டிவிட்டு, மூலையில் அச்சாகியிருந்த நேரத்தைக் கவனித்திருக்கிறார். எல்லாவற்றிலும் காலை பத்து மணி. இது எப்படி என்று அவர் கேட்க, அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு, "நல்ல நேரம் பாத்து எடுத்தது சாரே" என்றாராம். கையெழுத்து விழுந்தது.

பால்காய்ப்புக்கு எல்லோரும் போனோம். செல்வி அக்கா தன் அடுக்களையில் அண்ணனுக்கு நாற்காலி போட்டாள். அவர் டம்ளரோடு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பாலைக் குடித்து முடித்தார். அடுத்த மாசமே எல்லா நிறங்களையும் ஒழுங்காக நிறுத்தி வைத்துவிட்டு, வேறு ஆபீஸுக்குப் போய்விட்டார். அங்கிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து தோஹா என்று கேள்வி.

என் கணினியில் மட்டும் அந்தப் பழைய ஸ்கிரிப்டை விட்டுவைத்திருக்கிறேன். நாலு மணிக்குச் சுவர் நாவல் பழமாக மாறும். அப்போது டீ குடிக்க எழுந்திருப்பேன். இடமில்லாத ஆபீஸ் எங்களுடையது. வருகிறவர்கள் அந்தக் காலி நாற்காலியை இழுக்கப் பார்ப்பார்கள். "அதுல ஆளு உண்டு" என்று சொல்லிவிடுவேன்.