யோசித்துச் சொல்கிறவர்

தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது மட்டும் தலைகாட்டும் இனம் ஒன்று உண்டு. யோசித்துச் சொல்கிறவர் என்று பெயர். இவருடைய கட்சிக்குச் சபையில் மொத்தம் மூன்று உறுப்பினர்கள்: தலைவர், தலைவருடைய மைத்துனர், மைத்துனர் சொன்னால் தலையாட்டுகிற ஒருவர். முடிவு வெளியாகும்வரை இவருக்கு வணக்கம் சொல்ல நாதியில்லை. வெளியான மறுநாள் இவர் வாசலில் கார் நிறுத்த இடமில்லை.

நம் தலைவருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். மந்திரியாக வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. இவருடைய மூன்று பேர் சாய்ந்த பக்கம்தான் ஆட்சி. பரம விரோதிகளான இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று மந்திரி பதவி தருகிறோம் என்றது. சரி என்றால் முடிந்தது. சொல்வாரா? மற்றவன் இரண்டு தந்தால்? ஆகவே தொலைபேசி அடித்தால் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பதும், வந்தவர்களைக் கூடத்தில் காக்கவைத்துவிட்டு உள்ளே கண்ணாடி முன் கவலை தோய்ந்த முகம் ஒன்றைத் தயார் செய்வதும், அந்த முகத்தோடு வெளியே வந்து, “எனக்குப் பதவி ஆசை கிடையாது. மூணு இலாகாவா குடுத்தா மக்கள் சந்தோஷப்படுவாங்க” என்று கூரையைப் பார்த்துச் சொல்வதும் அன்றாட வேலையாயின.

மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. “மாமா, வர்றதை வாங்கிப் போட்டுடலாமே?”

“அலையட்டும்பா. இப்ப விட்டா எப்ப அலைவாங்க?”

ஒருநாள் இரண்டு கட்சித் தூதர்களும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். ஒருவரைக் கூடத்திலும் மற்றவரைப் பின்னறையிலும் உட்காரவைத்தார் நிதானம். மழை பிடித்துக்கொண்டது.

“ஏங்க, பின்னறையில ஒழுகுது. அவரையும் கூடத்துலயே உட்கார வச்சுட்டேன்” என்றார் மனைவி.

“நல்லதாப் போச்சு. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தருக்கு வயிறு எரியட்டும்” என்று கண்ணாடிக்குத் திரும்பினார் நிதானம்.

கூடத்தில் விரோதிகள் இருவரும் வெகுநேரம் சுவரைப் பார்த்தார்கள். தேநீர் வந்தது.

“உங்களையும் இப்படித்தான் காக்க வைப்பாரா?”

“பொழுதன்னைக்கும். எங்ககிட்ட மூணு இலாகா கேட்டார்.”

“எங்ககிட்ட நாலு.”

தேசத்தின் பாதிப் பேருக்கும் மீதிப் பேருக்கும் பொதுவான குறை ஒன்று முதல்முறையாகக் கிடைத்தது. இன்னொரு தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

நிதானம் முகத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது, மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“எங்கே அவங்க?”

“ரெண்டு பேரும் ஒரே கார்ல போயிட்டாங்க. சேர்ந்தே ஆட்சி அமைக்கிறாங்களாம். என் தம்பிக்கு ஏதோ வாரியத் தலைவர் பதவியாம், அவனும் கூடவே போயிட்டான்.”

“என்னைப் பத்தி?”

“டீ நல்லா இருந்துச்சுன்னாங்க.”

பாவம், மனிதர் நிஜமாகவே அழுதார். பழகிவைத்திருந்த முகம் எதற்கும் உதவவில்லை.

“நான் என்ன கட்சியா நடத்துகிறேன்?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். சரிதான். வீட்டில் அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டபோது, இரண்டு பேரும் என்னிடம்தானே வந்தாக வேண்டும் என்று பட்டும்படாமல் உட்கார்ந்திருந்தது யார்? பக்கத்து அறையில் அவர்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டால், படிப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுங்கள்.