அமல்தார் வீட்டு மிஷினில் ஜான் துரை

தசரா முடிந்து யானைகளெல்லாம் லாயத்துக்குத் திரும்பிவிட்டன. கூட்டம் மட்டும் திரும்பவில்லை. அது அக்ரஹாரத்துக்குள் புகுந்து, ஓய்வுபெற்ற தாலூக்கா அமல்தார் நஞ்சுண்டசாமி வீட்டின் பின்கட்டில் போய் நின்றது. யானை என்ன பெரிய யானை! தும்பிக்கையைத் தூக்கும், வாழைத்தார் தின்னும். இங்கேயோ அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த சலவை மிஷின் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் ரத்தம் கக்கியது.

எங்கள் ஊரில் தெருவிளக்குகூட மின்சாரத்தில் எரிகிறது என்று மைசூர்க்காரர்கள் மார்தட்டிக்கொள்வதுண்டு. வெளிச்சம் தெருவில் விழுந்தது வாஸ்தவம். மண்டைக்குள் விழுந்ததாகத் தகவல் இல்லை.

அந்த மிஷினால் சுகப்பட்ட ஒரே ஜீவன் அமல்தாரின் மனைவி ரங்கம்மா. மடித் துணியை வெளியாள் தொடக் கூடாது, வீட்டுப் பெண்தான் துவைக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் ஒரு நாளும் தம் துண்டைக்கூட அலசியதில்லை. கல்லில் அடித்து அடித்து ரங்கம்மாவின் மணிக்கட்டு வீங்கி, சாதம் பிசையவே வலித்தது. மிஷின் வந்த அன்று அமல்தார், "மின்சாரத்துக்குத் தீட்டில்லை, மிஷின் மடியே" என்று தீர்ப்புச் சொன்னார். மனைவியின் கைவலி அவருக்குத் தெரியாது. அடுத்த தெருவில் எவனிடமும் அப்படி ஒரு மிஷின் இல்லை என்பது தெரியும்.

நாலு காலில் நிற்கும் வெள்ளைத் தொட்டி. நடுவே துணியைப் புரட்டும் துடுப்பு. மேலே துணியைப் பிழியும் ரப்பர் உருளைகள். அடியில் அழுக்குத் தண்ணீர் வடிய ஒரு குழாய். ரங்கம்மாவின் மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. ஒருநாள் அவள் தொட்டியின் உள்ளே படிந்த சோப்பு அழுக்கைத் தேய்க்கப் பிரஷ்ஷோடு குனிந்தாள். அமல்தார் பதறிவிட்டார்.

"ஏய்! அது லட்சுமிடீ! லட்சுமியைப் போய் யாராவது பிரஷ் போட்டுத் தேய்ப்பாங்களா?"

"லட்சுமிக்கு நாத்தம் வருதுங்களே."

"பேடா, பேடா. வேண்டாம், தொடாதே."

ஆயுத பூஜை வந்தது. அமல்தார் மிஷினுக்குச் சந்தனம் இட்டார், சாமந்தி மாலை போட்டார். வெளியே பூசினால் போதுமா, தெய்வம் உள்ளேயல்லவா இருக்கிறது என்று தொட்டிக்குள்ளும் ஒரு மாலையைப் போட்டு, கை கையாக மஞ்சள் தூளைக் கொட்டினார். மறுவாரம் தொட்டியில் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு, அவருடைய தர்பார் தலைப்பாகை உள்ளே போனது. வெள்ளையாகப் போனது ரத்தச் சிவப்பாக வந்தது. மிஷினும் 'கர்ர்ர்' என்று உறுமிற்று.

தாலூக்காவையே கட்டி ஆண்ட மனிதர் கூடத்துக்கு ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்ட வேளைக்கென்றே தொட்டையன் போன்றவர்கள் இருக்கிறார்கள். கொள்ளேகாலத்து மந்திரவாதி. கழுத்தில் எலும்பு மாலை, வாயில் எந்நேரமும் வெற்றிலை. அவன் மிஷினைச் சுற்றி வந்து, மோந்து பார்த்து, காதை வைத்துக் கேட்டான்.

"ஏனுங் சாமி, இது நம்மூருப் பேயில்லீங். கப்பல்ல வந்த பேயிங். இந்த மிஷினு செஞ்ச பட்டறையில கை சிக்கிச் செத்த வெள்ளக்காரனுங். பேரு ஜான் துரை."

"இங்கிலீஷ்ல பேசுதா?" என்றார் அமல்தார், மரியாதை கலந்த பயத்தோடு.

"பின்னே? 'கர்ர்ர்'ங்குதே, கேக்கலீங்களா? ஆப்பிளு வேணுமாம். நெய் வேணுமாம். எனக்கும் ஒரு வேட்டி எடுத்துத் தரச் சொல்லுதுங்."

அமெரிக்கப் பேய்க்குத் தொட்டையனின் வேட்டிமேல் என்ன அக்கறை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கண் அவிந்துவிடுமே!

அன்றிலிருந்து காட்சி ஆரம்பமாயிற்று. வெள்ளைத் துணி மேல் பச்சைக் கற்பூரம் கமகமக்கும் ஒரு வெளிறிய பொடியைத் தூவி, சோப்புத் தண்ணீர் நிற்கும் தொட்டியில் போடுவான். துணி சிவக்கும். கூட்டம் "அய்யோ!" என்னும். மந்திரம் முணுமுணுத்து எலுமிச்சம் பழத்தைப் பிழிவான். சிவப்பு மாயமாகும். கூட்டம் "ஆகா!" என்னும். ரங்கம்மாவோ மறுபடி கல்லில் அடித்தாள். வீக்கம் மறுபடி ஏறியது.

மூன்றாம் வெள்ளிக்கிழமை தொட்டையன் முடிவைச் சொன்னான். "துரைக்கு ஊரு ஞாபகம் வந்துருச்சுங். மிஷின ஸ்ரீரங்கப்பட்டணம் சங்கமத்துல தள்ளிரோணும். காவேரி கடல்ல சேருது. கடலு அமெரிக்காவுல சேருது. அவன் பாட்டுக்குப் போயிருவான்."

"ஏங்க, தள்ள வேண்டாங்க. என் கையைப் பாருங்க" என்றாள் ரங்கம்மா.

"சும்மனெ இரு. கை முக்கியமா, குடும்பம் முக்கியமா?" என்றார் அமல்தார். "போ, துரைக்கு ஆரத்தி கரைச்சு எடுத்துட்டு வா. நல்லபடியா வழியனுப்பணும்."

வாசலில் தொட்டையன் அமர்த்திய கெம்பையனின் மாட்டுவண்டி நின்றது. வண்டியில் வைக்கோலை மெத்தை போலப் பரப்பியிருந்தான். ஆற்றில் தள்ளப் போகிற சாமானுக்கு மெத்தை எதற்கு? ரங்கம்மா அதைப் பார்த்தாள். நேரே சமையலறைக்குப் போனாள்.

தட்டில் தண்ணீர் விட்டாள். மஞ்சள் போட்டாள். சுண்ணாம்பைக் கிள்ளிக் கரைத்தாள். தட்டு சிவந்தது. கல்யாணமான நாள் முதல் எத்தனையோ முறை கரைத்த ஆரத்திதான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைப் பார்த்தாள். எலுமிச்சம் பழம் ஒன்றை அறுத்துப் பிழிந்தாள். தட்டு மஞ்சளாகிவிட்டது. மந்திரம் சொல்ல மறந்துபோயிருந்தாள், அப்படியும் ஆயிற்று.

தட்டைக் கழுவி, வெறும் தண்ணீர் விட்டு எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள்.

"சாமி, வீட்டுல மஞ்சள் தீந்துபோச்சு. உங்க மந்திரப் பொடி ஒரு சிட்டிகை கொடுங்க. அதுலயே ஆரத்தி எடுத்துடறேன். விசேஷமா இருக்கும்."

கூட்டம் "ஹௌது, ஹௌது" என்று தலையாட்டியது. தொட்டையனுக்கு மறுக்க வழியில்லை. தயங்கித் தயங்கிப் போட்டான்.

"நஞ்சம்மா, உன் சுண்ணாம்பு டப்பியைக் கொடு."

பக்கத்து வீட்டு நஞ்சம்மா இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ரங்கம்மா ஒரு விரல் சுண்ணாம்பைக் கலக்கினாள். தட்டு ரத்தமாகச் சிவந்தது.

"அய்யய்யோ! ஜான் துரை என் தட்டுக்குள்ளே வந்துட்டான்!" என்றாள் ரங்கம்மா. குரலில் பயம்தான் இல்லை. எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தாள். சிவப்பு போயிற்று. "போயிட்டான். இப்போ சோப்புக் கரைச்ச வாளியிலே ஒரு சிட்டிகை போடறேன், பாருங்க. அடடே, அங்கேயும் வந்துட்டானே! பாவம், மனுஷனுக்கு அலைச்சல்தான்."

நஞ்சம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, இது நம்ம ஆரத்தி இல்லையோ?"

தொட்டையன் சமாளித்தான். "பேயி தாவும் அம்முணி! மிஷின விட்டுத் தட்டுல தாவிருச்சு!"

"சரி சாமி. உங்க வாயெல்லாம் செக்கச் செவேல்னு இருக்கே, அங்கே எந்தத் துரை இறங்கியிருக்கார்?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. அமல்தார் ஒருவர்தான் சிரிக்கவில்லை. தலைப்பாகையில்லாத தலையைத் தடவிக்கொண்டார்.

வண்டிக்காரக் கெம்பையன் எட்டிப் பார்த்தான். "ஏறுதா, இல்லியா? கொள்ளேகாலத்துக்கு ரொம்ப தூரம், மாடு காயுது."

"கொள்ளேகாலமா?" என்றார் அமல்தார். "சங்கமம்னுதானே சொன்னான்?"

"சங்கமமா? கொள்ளேகாலத்துல ஒரு ஜவுளிக்கார சாவுகாரு வீட்டுக்குன்னுதானே வாடகை பேசுனாரு! கீறல் விழாம வெக்கோலு போடுன்னு வேற சொன்னாரே!"

எல்லாரும் தொட்டையனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நின்ற இடத்தில் எலும்பு மாலை மட்டும் கிடந்தது. பேயை ஓட்ட வந்தவன், பேய்க்குக்கூட வராத வேகத்தில் ஓடியிருந்தான்.

"அப்போ அந்த உறுமல்?" என்று அமல்தார் மெதுவாக இழுத்தார். "இங்கிலீஷ்?"

ரங்கம்மா மின்சாரத்தை நிறுத்தினாள். அடிக்குழாயைக் கழற்றிக் கையை விட்டாள். அமல்தாரின் சாமந்தி மாலை அழுகிக் கொழகொழவென்று வந்தது. பின்னாலேயே நார், நூல், பஞ்சு, களிபோல் இறுகிய சோப்பு அழுக்கு. அதன் நாற்றத்தில் முன்வரிசை பக்தர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வரிசைக்குப் போனார்கள்.

"தலைப்பாகையில வந்த ரத்தம் நீங்க கொட்டின மஞ்சள். உறுமினது இதோ, உங்க ஜான் துரை. நீங்க போட்ட மாலையிலேதான் தூக்கு மாட்டிக்கிட்டிருந்தார்."

துடுப்பைத் தூக்கி அடியில் படிந்ததைச் சுரண்டினாள். வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துத் தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். உருளைகளைத் துடைத்தாள். ஈரம் காயட்டும் என்று மூடியைத் திறந்தே வைத்தாள். சாயங்காலம் மிஷினை ஓட்டியபோது அது இங்கிலீஷ் மட்டுமல்ல, எந்தப் பாஷையும் பேசவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அமல்தார் மஞ்சள் கிண்ணத்தோடு மிஷினருகே வந்தார். ரங்கம்மா கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, அவர் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தாள்.

"இதாலே அர்ச்சனை பண்ணுங்க. லட்சுமிக்கு முதுகு அரிக்குதாம்."

அமல்தார் குந்தி உட்கார்ந்து தேய்த்தார். நன்றாகவே தேய்த்தார். கூட்டம் மட்டும் இப்போது வேறு தெருவில் நிற்கிறதாம். அங்கே யாரோ வீட்டுக் கடிகாரம் நள்ளிரவில் அழுகிறதாம். போகிறவர்கள் போகலாம். போகுமுன் ஆளுக்கொரு பிரஷ் எடுத்துப் போங்கள். கடிகாரத்துக்குத் தேவைப்படாவிட்டாலும், பார்க்க வந்திருக்கும் தலைகளுக்குத் தேவைப்படும்.