ஐந்து டாலர் அழுக்கு

கழுகின் இடது இறக்கையில் எள்ளளவு பசை ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெஸ்லிக்கு இருந்த பிரச்சினை அவ்வளவுதான்.

ஜன்னல் வெளிச்சத்தில் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஐந்து டாலர் தங்கம். 1838. ஆண்டுக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு 'டி'. டலோனிகா நாணயச்சாலை திறந்த முதல் வருடத்தில் அடித்தது. முந்தின நாள் மாலை கண்காட்சி அட்டையை ஒட்டும்போது டேப்பின் முனை அதன்மேல் பட்டுவிட்டது.

நாணயம் அவனுடையதல்ல. மாமனார் ஹாய்ட் கிரிசிலுடையது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்குப் படை வருகிறது என்று ஹாய்டின் கொள்ளுத்தாத்தா அதை இறைச்சி புகைபோடும் கொட்டகையின் தரையில் புதைத்தாராம். எடுத்த பிறகு யாரும் கழுவவில்லை. பின்பக்கக் கழுகின் இறக்கை இடுக்கிலும் முன்பக்கப் பெண்ணின் தலைச்சுருளிலும் கருஞ்சிவப்பாக அழுக்கு அப்பியிருந்தது. ஹாய்டுக்குத் தங்கத்தைவிட அந்த அழுக்கு முக்கியம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நாணயத்தை நீட்டி முகர்ந்து பார்க்கச் சொல்வார்.

"கொட்டகை வாசனை வருதா?"

வருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையாகவே லேசாக வரும்.

மற்றவர்கள் நாணயத்தைத் தரம் பார்க்க அனுப்பி, எண் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஹாய்டுக்கு அது பிடிக்காது. "பெட்டியில போடறது செத்தவங்களை" என்று ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேசையில் சொன்னார். சொல்லிவிட்டு இருமினார். அப்புறம் உருளைக்கிழங்கை நகர்த்தினார்.

அவருடைய மகள் ஆட்ரி, வெஸ்லியின் மனைவி, இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் அந்த மேசையில் வெஸ்லிக்கு ஒரு தட்டு இருந்தது. அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாணயங்களைப் பற்றிப் பேசினார்கள். போன ஞாயிறு ஹாய்ட் இதை அவன் கையில் வைத்தார்.

"நாணயச் சங்கத்துக் கண்காட்சியில உன் பேர்ல வை, மாப்ள. எனக்கப்புறம் உனக்குத்தானே."

இப்போது இதற்கு ஏதாவது ஆனால் பேச எதுவும் இருக்காது. பேச எதுவும் இல்லாவிட்டால் தட்டு எத்தனை நாளைக்கு இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பசையை எடுக்க வழி உண்டு. அசிட்டோன். நாணயம் சேகரிப்பவர்கள் ஒரு நாணயத்தைத் தேய்த்தவனோடு கை குலுக்க மாட்டார்கள். ஆனால் அசிட்டோனில் முக்கி எடுப்பதைக் கழுவுவது என்று அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பசையும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும். தங்கத்தைத் தொடாது. மண்ணையும் தொடாது. சங்கத்தில் சேர்ந்த முதல் மாதமே இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

குளியலறை அலமாரியில் ஆட்ரியின் நகச்சாயம் அழிக்கும் பாட்டில் இருந்தது. பதினான்கு மாதமாக யாரும் திறக்கவில்லை. 'நூறு சதவீதம் அசிட்டோன்' என்று போட்டிருந்ததை இரண்டு முறை படித்தான். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி நாணயத்தை விட்டான். அரை நிமிடம் பொறுத்துப் பஞ்சுக்குச்சியால் பசையை லேசாகத் தள்ளினான்.

பசை போயிற்று. கூடவே அழுக்கும் போயிற்று.

முதலில் இறக்கை. அப்புறம் கழுகின் மார்பில் இருந்த கேடயம். பிறகு திருப்பிப் பார்த்தால் தலைச்சுருள். புகை போலக் கிளம்பிக் கிண்ணத்தின் அடியில் படிந்தது. பதறி வெளியே எடுத்தபோது, பல் மருத்துவரிடம் போய்விட்டு வந்த கிழவன் மாதிரி நாணயம் பளிச்சென்று சிரித்தது.

"மண்ணு அசிட்டோன்ல கரையாது" என்று வெஸ்லி சமையலறையிடம் சொன்னான். 

லென்ஸில் பார்த்தான். பெண்ணின் கன்னத்தில் மெல்லிய கீறல்கள், நூல் நூலாக. பஞ்சுக்குச்சி இப்படிக் கீறுமா? கீறியிருக்கிறதே.

போன் அடித்தது. ஹாய்ட்.

"மாப்ள, கெழவர் ராத்திரி நல்லாத் தூங்கினாரா?"

"யாரு மாமா?"

"நாணயத்தைச் சொல்றேன்யா."

"தூங்கினார்."

"இன்னிக்கு நடுவர் யார் தெரியுமா? சார்லட்காரன். அவங்க ஊர் நாணயச்சாலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான். நம்ம அழுக்கைப் பார்த்துட்டு அவன் வாயைப் பொளக்கணும்."

"பொளப்பான் மாமா."

"அட்டையில 'இதுவரை கழுவப்படாதது'ன்னு பெருசா எழுதினியா?"

"பெருசாத்தான் எழுதியிருக்கேன்."

கண்காட்சி மதியம் ஒரு மணிக்கு. நேரம் இருக்கிறது என்று வெஸ்லி நினைத்தான். கொல்லைக்குப் போய் ஒரு கரண்டி செம்மண் எடுத்து வந்தான். தண்ணீரில் குழைத்துப் பல்குச்சியால் இறக்கை இடுக்கில் பூசினான். ஈரமாக இருந்தபோது அருமையாக இருந்தது. காய்ந்ததும் நிறம் வெளிறியது. கழுகுக்கு அம்மை போட்டது போல் ஆகிவிட்டது. லேசாகத் தட்டினான். அம்மை மொத்தமும் மேசையில் உதிர்ந்தது.

நிறம் கருக்க வேண்டும் என்று காபித்தூள் சேர்த்தான். பிடிப்பு வேண்டும் என்று அலுமினியத் தாளில் வைத்து ஓவனில் வேகவிட்டான். குறைந்த சூடுதான்.

மறுபடியும் போன். சங்கச் செயலாளர் பர்னெல்.

"வெஸ்லி, ஒரு நல்ல சேதி. சார்லட்காரர் சீக்கிரமே வந்துட்டார். அழுக்கை ஆற அமரப் பார்க்கணுங்கறார். பதினோரு மணிக்குக் கொண்டு வந்துடுவியா?"

"பதினோரு மணிக்கா?"

"உள்ளூர்க்காரன்தானே நீ, நடந்து வந்தாக்கூட அஞ்சு நிமிஷம். ஆமா, என்ன ஒரே சத்தம் அங்கே?"

புகை எச்சரிக்கை மணி அலறிக்கொண்டிருந்தது. காபித்தூள் தீய்ந்து சமையலறை முழுக்கப் புகை. வெஸ்லி நாற்காலியில் ஏறி மணியைக் கழற்றினான். அது கத்தலை நிறுத்தவில்லை. பேட்டரியைப் பிடுங்கினான். நாணயத்தை இடுக்கியால் எடுத்துப் பார்த்தால் செம்மண் செங்கல்லாகியிருந்தது. கழுகு, கூரை ஓட்டில் உட்கார்ந்த கோழி மாதிரி இருந்தது.

"பர்னெல், எனக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல். ஒரு மணிக்கே வர்றேன்."

புத்திசாலித்தனமான பொய் என்று அப்போது தோன்றியது. நான்கு நிமிடம் கழித்து ஹாய்டின் போன்.

"காய்ச்சல்னு பர்னெல் சொன்னான். ஏன்யா எங்ககிட்ட சொல்லல? லூரீன் கோழி சூப்பை எடுத்து வச்சுட்டா. இதோ கெளம்பிட்டோம்."

"வேண்டாம் மாமா. உங்களுக்கும் ஒட்டிக்கும்."

"எனக்கு எழுபத்திரண்டு வயசு. ஒட்டறதெல்லாம் ஒட்டியாச்சு. நீ படு. கெழவரை நானே வந்து தூக்கிட்டுப் போறேன்."

அவர்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். ஹாய்ட் ஓட்டினால் பதினைந்து.

வெஸ்லி நாணயத்தை மறுபடியும் அசிட்டோனில் போட்டான். செங்கல் அசையவில்லை. "இப்போ மட்டும் கரைய மாட்டேங்குதா?" என்று கேட்டான். வெந்நீரில் ஊறவைத்து, நகத்தால் நெருடி, ஒருவழியாக எடுத்தான். எடுத்ததில் ஐந்து நிமிடம் போய்விட்டது. நாணயம் முன்னைவிடப் பளபளத்தது.

வெறும் மண் நிற்காது. ஏதாவது பசபசப்பு வேண்டும். முகத்துக்குப் பூசும் களிம்பைத் தேடினான். கிடைத்ததில் மல்லிகை வாசம் அடித்தது. இறைச்சிக் கொட்டகையில் மல்லிகை எப்படி வரும்? மூடி வைத்தான்.

அடுப்பின்மேல் இரும்பு வாணலி இருந்தது. தனியாக இருக்கிறவனின் வாணலி. மூன்று நாள் காலையில் பன்றி இறைச்சி வறுத்த கொழுப்பு அடியில் உறைந்து கிடந்தது. அதில் ஒரு விரல் எடுத்தான். செம்மண்ணைப் பார்த்தால் மேசையில் சிந்தியது போக மிச்சமில்லை. கொல்லைக்கு ஓட நேரமில்லை. ஜன்னலில் ஆட்ரியின் ஜெரேனியம் பூத்தொட்டி இருந்தது. அவள் போனபிறகு அதற்குத் தண்ணீர் விடுவதைத் தவிர அவன் வேறு எதுவும் செய்ததில்லை.

ஒரு கணம் நின்றான். பிறகு ஸ்பூனை விட்டுத் தோண்டினான்.

மண், கொழுப்பு, ஒரு சிட்டிகை காபித்தூள். சாஸர் விளிம்பில் குழைத்தான். பல்குச்சியால் இறக்கைக்குள் திணித்தான். கேடயத்தின் கோடுகளில் ஓட்டினான். தலைச்சுருளில் தடவித் துணி முனையால் ஒற்றினான். லென்ஸை எடுத்தான்.

அப்படியே இருந்தது. அவனுக்கே பயமாக இருந்தது.

வாசலில் ஹாய்டின் பிக்கப் வண்டி வந்து நின்றது.

சாஸரை அலமாரிக்குள் தள்ளினான். ஜன்னலைத் திறந்தான். காய்ச்சல் ஞாபகம் வந்து, போர்வையை எடுத்துத் தோளில் சுற்றிக்கொண்டான்.

ஹாய்ட் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். பின்னாலேயே மாமியார் லூரீன், கையில் துணி சுற்றிய பாத்திரம்.

"என்ன மாப்ள, வீடெல்லாம் புகை?"

"டோஸ்ட் போட்டேன்."

"முழு ரொட்டியையுமா?"

லூரீன் அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள். எடுத்தாள். காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லவில்லை.

"கெழவர் எங்கே?" என்றார் ஹாய்ட்.

வெஸ்லி மேசையைக் காட்டினான். ஹாய்ட் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் பொருத்தினார். நாணயத்தை ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்கினார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். மறுபடியும் முன்பக்கம்.

ஒரு நிமிடம் ஆயிற்று. வெஸ்லியின் போர்வை நழுவியது. அதை அவன் எடுக்கவில்லை.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பேசாம இரு."

இன்னொரு நிமிடம். ஹாய்ட் லென்ஸை இறக்கினார். நாணயத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டு போனார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

"லூரீன், இங்கே வா. மோந்து பாரு."

லூரீன் குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தாள். வெஸ்லியைப் பார்த்தாள்.

"கொட்டகை வாசனை" என்றார் ஹாய்ட். "இத்தனை வருஷத்துல இன்னிக்கு மாதிரி ஒருநாளும் தூக்கலா வந்ததில்ல. இந்த மழைக்காலத்துக் காத்துக்குத்தான் இப்படிக் கெளம்புது. சார்லட்காரன்கிட்ட இருக்கா இது? பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டான்னா எங்கேயிருந்து வரும்?"

"மாமா."

"என்னய்யா?"

"அந்த அழுக்கு..."

"அதான் சொல்றேன். அசல்னா அசல். ஒரு துளி கொறையல. உங்கிட்ட கொடுத்தது எனக்கு நிம்மதி."  உடனே எழுந்துகொண்டார். "நான் போய் வண்டியைத் திருப்பறேன். நீயும் வந்துடு, காய்ச்சலாவது ஒண்ணாவது. உன் பேர்ல வைக்கிறது, நீ பக்கத்துல நிக்க வேண்டாமா?"

நாணயத்தைக் காகித உறையில் போட்டு நெஞ்சுப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். வாசல்படியில் இறங்கும்போது அவர் சீட்டியடிப்பது கேட்டது. பதினான்கு மாதமாக அவர் சீட்டியடித்து வெஸ்லி கேட்டதில்லை.

லூரீன் சூப்பை அடுப்பில் வைக்க வாணலியை நகர்த்தினாள். உறைந்த கொழுப்பில் ஒரு விரல் அகலத்துக்குத் தடம். அதைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து கிண்ணம் எடுக்கப் போனவள் சாஸரை எடுத்தாள். அதையும் பார்த்தாள். பிறகு ஜெரேனியம் தொட்டி. நடுவில் ஸ்பூன் இன்னும் குத்திட்டு நின்றது.

வெளியே ஹாய்ட் ஹாரன் அடித்தார்.

"அத்தை, நான் வேணும்னு பண்ணல" என்றான் வெஸ்லி. "பசை ஒட்டியிருந்தது. அசிட்டோன்ல போட்டா மண்ணு போகாதுன்னுதான் போட்டேன். எப்படிப் போச்சுன்னு இப்பவும் எனக்குப் புரியல. கன்னமெல்லாம் கீறல் வேற. மாமாகிட்ட சொல்லிடறேன். இனிமே நீங்க என்னை ஞாயித்துக்கிழமை கூப்பிடாட்டாலும்..."

லூரீன் ஸ்பூனைத் தொட்டியிலிருந்து பிடுங்கினாள். குழியை விரலால் மூடி, செடியின் தண்டைச் சுற்றி மண்ணை அழுத்தினாள். சாஸரில் மிச்சமிருந்ததை முகர்ந்தாள்.

"உளறாம கோட்டை மாட்டு" என்றாள். "ஒன்பது வயசுல ஆட்ரி அதைப் பற்பசை போட்டுத் தேய்ச்சுட்டு இப்படித்தான் முழிச்சுக்கிட்டு நின்னா, அன்னிக்கு அவளும் நானும் கொழுப்புல கொழைச்சுப் பூசினப்போ காபித்தூள் இவ்வளவு போடல."