மக்காச்சோள ராணியும் மஞ்சள் காரும்

"வலது பக்கம் திரும்புங்க சார்" என்று சொன்னது கார் கடை விற்பனையாளர் டேல்தான்.

வெண்டெல் காரைத் திருப்பினார். எதிரே தீயணைப்பு வண்டி. பின்னால் பார்த்தார். உயர்நிலைப் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழு தெருவை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. நடுவில், கூரையை மடக்கிப் போட்ட மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். அதற்குள் வெண்டெல்.

"இன்னைக்கு மக்காச்சோளத் திருவிழா ஊர்வலம்யா! உனக்குத் தெரியாதா?"

"நான் பக்கத்து ஊர்க்காரன் சார். உங்களுக்குத் தெரியாதா?"

வெண்டெலுக்கு நன்றாகவே தெரியும். ஹார்லன் ஃபால்ஸ் ஊரில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்துதான் இன்றைக்கு நாள் பார்த்தார். மனைவி மார்லிஸ் காலையிலேயே சர்ச் பெண்களோடு ஆப்பிள் பை என்ற பலகாரம் விற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். இவர் வேனுக்கு ஆயில் மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். வேன் பட்டறையில் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும். இவர் அந்த நேரத்தில் இந்தக் காரை ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். யாருக்கும் தெரியாது.

போன மாதம் இதே காரின் படத்தைக் காபி மேசையில் மறந்து வைத்தாற்போல் வைத்துப் பார்த்தார். மறுநாள் அது பூனையின் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் இருந்தது. மார்லிஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டால் அர்த்தம் இன்னும் பெரிது.

ஆனால் சற்று முன் ஓட்டி வந்த அந்த ஏரிச் சாலை! உட்காரும்போது ஏதோ குளியல் தொட்டிக்குள் இறங்குவது போலத்தான் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் இன்ஜின் ஒரு தடவை தொண்டையைச் செருமியது. ஆக்சிலேட்டரில் காலை லேசாக வைத்தார். இருக்கை முதுகில் கை கொடுத்துத் தள்ளியது. வளைவில் வேன் ஆடும் ஆட்டம் இதில் இல்லை. தெருவை மோப்பம் பிடித்துக்கொண்டே போவது போலப் போயிற்று. வேலியோரத்து மாடுகள் எல்லாம் ஒன்றாகத் தலையைத் திருப்பின. தலையில் மிச்சமிருந்த முடி அத்தனையும் எழுந்து நின்றது.

"சார், கத்தினீங்களா?"

"பாடினேன்."

அந்த மயக்கத்தில்தான், டேல் வலது பக்கம் என்றதும் கை தானாகத் திரும்பிவிட்டது.

ஆரஞ்சு மேலங்கியும் விசிலுமாக பெவ் ஓடி வந்தாள். ஊர்வலத்தை நடத்துகிறவள் அவள்தான். ஊரையே நடத்துகிறவள் என்றும் சொல்லலாம்.

"வெண்டெல்! மஞ்சள் காரு! அதுவும் கூரை இல்லாம! ஆண்டவரா பார்த்து அனுப்பியிருக்காரு. ராணியோட கார் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது."

"பெவ், நான் சும்மா ஓட்டிப் பார்க்கத்தான்..."

"ஓட்டு! ஓட்டத்தானே சொல்றேன்!"

ஊர்வல நாளில் கூரை திறந்த கார் ஹார்லன் ஃபால்ஸில் ஊர்ச்சொத்து. வெண்டெல் வாயைத் திறப்பதற்குள், மக்காச்சோள ராணி பிரிட்டா கிரீடமும் வெள்ளை கவுனுமாகக் காரின் பின்முதுகில் ஏறி உட்கார்ந்து கையசைக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குக் காவலாக, கழுத்து இல்லாத ஒரு பிரமாண்டமான மக்காச்சோளக் கதிர் காரை ஒட்டி நடந்து வந்தது. ஊரில் யாரோ ஒருவர் ஒவ்வொரு வருடமும் அந்த வேஷம் போடுவார்; யார் என்பது ரகசியம். அது பேசாது. ஆட மட்டும் ஆடும்.

வண்டி நகர்ந்தது. தெருவின் இரு பக்கமும் மடக்கு நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது.

"டேல், தபால் ஆபீஸ் எதிர்லதான் ஆப்பிள் பை கடை. என் பொண்டாட்டி அங்கே நிக்கறா. கூரையை மூடற பொத்தான் எது?"

"இதுதான் சார். ஆனா..."

வெண்டெல் அழுத்திவிட்டார். மடக்கிய கூரையை மூடியிருந்த பின்பக்க மூடி மெல்ல எழுந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த ராணியும் எழுந்தாள்.

"அங்கிள், நான் மேல போறேன்!"

வெண்டெல் பதறிக் கையை எடுத்தார். மூடி பாதியில் நின்றது. ராணி ஆகாயத்தில் சிம்மாசனம் போட்டது போல் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் ஒரு கணம் வாயைப் பிளந்தது. பிறகு தெருவே அதிரக் கைதட்டியது.

"பிரமாதம் வெண்டெல்!" என்று பெவ் விசில் அடித்தாள். "இறக்கிடாதே! அப்படியே போ!"

அடுத்து, "மிட்டாய்! மிட்டாய்!" என்று பிள்ளைகள் கத்தின. ஊர்வலத்தில் வருகிறவர்கள் மிட்டாய் வீச வேண்டும். வீசாமல் போனால் அடுத்த வருடம் வரை பேச்சு.

"ஏதாவது வீசு டேல்! அவங்க கிட்ட வராம பார்த்துக்கோ!"

டேல் கடையின் பேனாக்களை வீசினார். சாவி வளையங்களை வீசினார். அதுவும் தீர்ந்ததும் தன் இருமல் மாத்திரைகளை வீசினார். சாவி வளையம் கிடைக்காதவர்கள் நாற்காலியை விட்டெழுந்து காரோடு ஓடி வந்தார்கள்.

முகத்தை மறைக்க டேலின் கறுப்புக் கண்ணாடியையும் தொப்பியையும் வாங்கி மாட்டிக்கொண்டார் வெண்டெல்.

"அது யாருடீ ஓட்டறது? சினிமாக்காரரா?"

"அப்படித்தான் இருக்கும். சிகாகோலேர்ந்து வந்திருப்பாரு. ஒரு போட்டோ எடு, எடு!"

தபால் ஆபீஸ் தெரிந்தது. வெண்டெலுக்கு வியர்த்தது. பக்கத்தில் ஆடிக்கொண்டு வந்த மக்காச்சோளத்தை அழைத்தார்.

"நண்பா, ஒரு உதவி. இந்தப் பக்கமா வந்து என்னை மறைச்சுக்கிட்டே நட. பை கடையில என் மனைவி இருக்கா. பார்த்தா, உன் மேல இருக்கற தோலை உரிக்கற மாதிரி என்னை உரிச்சுடுவா."

மக்காச்சோளத்தின் ஆட்டம் ஒரு கணம் நின்றது. பிறகு காரைச் சுற்றிக்கொண்டு வந்து, இலைக் கையைக் கதவின்மேல் வைத்தபடி நடந்தது.

"அவ்வளவு பயம்னா எதுக்கு சார் இந்தக் கார்?" என்றார் டேல்.

"அவளுக்காகத்தான்யா! கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை அவ அண்ணனோட திறந்த ஜீப்ல ரெண்டு பேரும் ஏரி வரைக்கும் போனோம். காத்துல முடியெல்லாம் மூஞ்சில அடிக்குது, அவ சிரிக்கறா, சிரிக்கறா, நிறுத்தவே மாட்டேங்கறா. அதுக்கப்புறம் வேன், பால் டப்பா, பிள்ளைங்க, ஹாக்கி மட்டை... அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்கணும். வேற ஒண்ணும் இல்லை."

"அதை அவங்ககிட்டயே சொல்லலாமே?"

"எங்க ஊர்ல அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்றது இல்லை."

பை கடை வந்தேவிட்டது. வெண்டெல் குனிந்தார். குனிந்த வேகத்தில் கால் ஆக்சிலேட்டரில் அழுந்தியது. பிரேக்கையும் மற்ற காலால் மிதித்திருந்ததால் கார் பாயவில்லை. ஆனால் இன்ஜின் சிங்கம் மாதிரி உறுமியது. சர்ச் பெண்கள் அத்தனை பேரும் கையில் கத்தியும் ஆப்பிள் பையுமாகத் திரும்பினார்கள். தெரு முழுக்க ஆரவாரம்.

வெண்டெல் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். "வெண்டெல்!" என்ற அந்தக் குரல் வரவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தார். கடை பின்னால் போய்விட்டது.

"உள்ளே பை வெட்டிக்கிட்டு இருந்திருப்பா" என்று பெருமூச்சு விட்டார். "தப்பிச்சேன்!"

ஊர்வலம் பூங்கா மேடைக்கு முன்னால் முடிந்தது. சிறந்த வண்டிக்கான முதல் பரிசு யாருக்கு என்று மேயர் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை, கூட்டமே "மஞ்சள் காரு! மஞ்சள் காரு!" என்று கத்தியது. தங்க முலாம் பூசிய சோளக் கதிர் ஒன்றை வெண்டெலின் கையில் கொடுத்தார்கள். பேண்டு முழங்கியது. மேலேயிருந்து இறக்கிவிடப்பட்ட ராணி அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்து, "அடுத்த வருஷமும் நீங்கதான் அங்கிள்!" என்றாள்.

வெண்டெல் இருக்கைமேல் ஏறி நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். தொப்பியைக் கூட்டத்துக்குள் வீசினார். அவரை யாரென்று கண்டுகொண்ட ஊர், "அட, நம்ம வெண்டெல்!" என்று இன்னும் பலமாகக் கத்தியது. பிறந்ததிலிருந்து இவ்வளவு உயரத்தில் அவர் நின்றதில்லை.

"டேல்! காரை நான் எடுத்துக்கறேன்!"

"வீட்ல கேட்க வேண்டாமா சார்?"

"என்ன கேட்கறது? நேராப் போவேன். மார்லிஸ், கார் வாங்கிட்டேன், வந்து உட்காருன்னு சொல்லுவேன். பயமா? எனக்கா?"

பக்கத்தில் நின்ற மக்காச்சோளம் இரண்டு இலைக் கைகளாலும் தன் தலையைப் பிடித்து மேலே தூக்கியது. வியர்த்து, முடியெல்லாம் கலைந்து, சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு முகம் வெளியே வந்தது. மார்லிஸ்!

"பயம் இல்லைல்ல? அப்போ அந்தப் பக்கம் நகரு, வெண்டெல். இத்தனை வருஷம் வேன்ல உன் பக்கத்துல உக்காந்து வந்தது போதும். வீடு வரைக்கும் இதை நான்தான் ஓட்டப் போறேன்!"