முன் சக்கரம், வலது பக்கம்

வண்டி வைத்திருப்பவர்கள் ஓர் இனம். வண்டியைப் பழுதுபார்ப்பவர்கள் இன்னோர் இனம். இந்த இருவருக்கும் நடுவே, யாரும் கூப்பிடாமலே வந்து நிற்கும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அந்த இனத்தவரிடம் வண்டி இருக்காது, கையில் ஸ்பானர் இருக்காது. காது மட்டும் இருக்கும். அவரைச் செவி வைத்தியர் என்று வைத்துக்கொள்வோமே. எல்லா ஊரிலும் கிடைப்பார் என்றாலும் சிராங்கூன் சாலையில் விளைகிற அளவுக்கு வேறெங்கும் விளைவதில்லை. சந்தேகமா? தேக்கா சந்தைக்கு எதிரே ஒரு வண்டியை நிறுத்தி, "என்னமோ சத்தம் வருது" என்று சும்மா சொல்லிப் பாருங்கள்.

இந்த இனத்தின் தலைமகன் தங்கராஜு. செம்பவாங் கப்பல் தளத்தில் உதிரிபாகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. பதினேழு வருஷமாக பிரேக் கட்டையும் டிரம்மும் ஸ்பிரிங்கும் பெட்டி பெட்டியாக அவர் கைவழியாகத்தான் வெளியே போயிருக்கின்றன. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்தச் சாமானுக்கு எந்த எண் என்று சொல்லிவிடுவார். பெட்டியைத் திறந்து பார்த்தது மட்டும் கிடையாது. மேலே எழுதியிருப்பதைப் படித்தவருக்கு உள்ளே வேறு பார்க்க வேண்டுமா என்ன?

அவரிடம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்துல் காதர் அகப்பட்டார். காதர் தம் பழைய லேண்ட்ரோவரில் அதே தளத்துச் சமையற்கூடத்துக்குக் காய்கறி கொண்டுபோகிறவர். அந்த வண்டி பிரேக் போட்டால் சில மைல் தள்ளிக் கேலாங் வரை கேட்கும். வெள்ளிக்கிழமை தளத்து வாசலில் காவலாளி கையை நீட்டி நிறுத்தி, திங்கட்கிழமையும் இதே கூச்சலோடு வந்தால் பாஸைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டான். பாஸ் போனால் பிழைப்பு போயிற்று. வீட்டில் ஆறு பிள்ளைகள். காதருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இதைக் கேட்டதும் தங்கராஜுவுக்குக் காப்பி கூடுதலாக இனித்தது. காப்பிக்கடைப் பெஞ்சிலிருந்து எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, வண்டியில் ஏறிக்கொண்டார்.

"நீங்க ஓட்டுங்க பாய். நான் கேக்குறேன்."

செவி வைத்தியர் கேட்பதென்றால் சாதாரணமா? கண்ணை மூடுவார், கழுத்தைச் சாய்ப்பார், ஆள்காட்டி விரலை உயர்த்துவார், விரல் இறங்கும்போது பிரேக் போட வேண்டும், போட்டதும் "ம்ஹூம், இன்னொரு வாட்டி" என்பார், இப்படியே சிராங்கூன் சாலையில் மூன்று தடவை போய் வந்து, பின்னால் மிதித்து வந்த சைக்கிள் டிரைஷாக்காரர்கள் எல்லாரிடமும் ஏச்சு வாங்கிக்கொடுத்து, காலையில் அதிகமா மாலையில் அதிகமா, மழை பெய்தால் எப்படி என்று துருவித் துருவிக் கேட்டு, காதர் என்ன பதில் சொன்னாலும் "அதான்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு தீர்ப்பு வந்தது.

"முன் சக்கரம், வலது பக்கம்."

"எனக்கு என்னமோ பின்னாடிலேருந்து வர்ற மாதிரி இருக்கு, கிராணியாரே."

"உங்களுக்கு எங்கேருந்து வர்ற மாதிரி இருக்கோ, அங்கேருந்து வராதுலா. அது எதிரொலி."

"எதுக்கும் கழட்டிப் பாத்துரலாமே? ரேஸ் கோர்ஸ் ரோட்டுல ஹனீபா நானா பட்டறை இருக்கு."

தங்கராஜுவின் முகம் சுருங்கிவிட்டது. கழற்றுவதா? கழற்றிப் பார்த்தால் எவன்தான் சொல்ல மாட்டான்? அப்புறம் காது எதற்கு, பதினேழு வருஷம் எதற்கு? அவருக்கு உண்மையிலேயே மனசு வலித்தது.

"ஹனீபாவா? தகரம் தட்டித் தட்டி அந்த ஆளுக்குக் காதே கேக்காது, பாய். சத்தத்தைப் பத்தி அவருகிட்டயா கேப்பீங்க?"

நியாயம்தானே! காதர் அடங்கிப்போனார்.

வைத்தியம் தொடங்கியது. தங்கராஜு வீட்டுக்குப் போய், மனைவி சிவகாமசுந்தரியின் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தார். சக்கரத்தின் பின்புறம் குனிந்து, டிரம் இடுக்கில் குப்பியின் மூக்கை நுழைத்து நாலு சொட்டு விட்டார். கதவு கிறீச்சிட்டால் எண்ணெய்தானே விடுகிறோம்? நட்புக்காக இன்னொரு நாலு. கடைசியில் குப்பியில் பாதி காலி.

காதர் வண்டியை எடுத்தார். காப்பிக்கடை பக்கம் வந்ததும் பிரேக்கை மிதித்தார். சத்தம் கொஞ்சமும் குறையாமல் பழையபடியே வந்தது. ஆனால் எண்ணெய் குடித்த வலது சக்கரம் வழுக்கிக்கொண்டு போக, இடது சக்கரம் மட்டும் கவ்விப் பிடிக்க, வண்டி இடப்பக்கம் சடாரென்று இழுத்து, கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் ஏறி, தங்கராஜு தினமும் உட்காரும் பெஞ்சை இரண்டாக முறித்துக்கொண்டு நின்றது. அதில் உட்கார வேண்டியவர் வண்டிக்குள் "முருகா, முருகா" என்று அலறிக்கொண்டிருந்ததால் யாருக்கும் காயமில்லை.

காதர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதேவிட்டார். மூச்சு திரும்பியதும் தங்கராஜு சொன்ன முதல் வார்த்தை இது:

"பாத்தீங்களா, எவ்ளோ மோசமா இருக்குன்னு!"

காதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டியை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு நேரே ஹனீபா பட்டறைக்குப் போனார். இறங்கியதும் இறங்காததுமாகத் தங்கராஜு, கிழவர் ஹனீபாவின் காதருகே கையைக் குவித்து, "முன் சக்கரம்! வலது பக்கம்!" என்று கத்தினார். ஹனீபா அன்பாகச் சிரித்தார். ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை. ஜாக்கியைக் கொடுத்து, சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். காது கேளாதவருக்கு வேறு வழி?

பின்பக்கத்து இடது டிரம்மை இழுத்ததும் கறுப்புத் தூசி கொட்டியது. கட்டை அடியோடு தேய்ந்து, ஆணித் தலைகள் இரும்பிலேயே உரசி டிரம்மில் கோடு கிழித்திருந்தன. ஹனீபா அந்தப் பள்ளத்தில் காதரின் விரலைப் பிடித்து ஓட்டிக் காட்டினார். பின்பக்கம் இரண்டுக்கும் புதுக் கட்டை போட்டு, தூசியைத் துடைத்து, டிரம்மைத் தேய்த்து வழவழப்பாக்கினார். அதன் பிறகு முன்பக்கம் வந்தார். வலது டிரம்மைத் திறந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"இந்தக் கட்டை எண்ணெயில ஊறிப்போச்சு. இது ஆவாது. மாத்தணும்."

அவ்வளவுதான். மூலையில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த தங்கராஜு துள்ளி எழுந்தார்.

"கேட்டீங்களா பாய்! முன் சக்கரம், வலது பக்கம்! காலையிலேயே சொன்னேனா இல்லையா?"

சொன்னது சொன்னதுதானே? ஹனீபா வண்டிக்குள் கையைவிட்டு, இருக்கைக்கு அடியில் கிடந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து, அதன் மூக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு, தங்கராஜுவின் கையில் வைத்தார். தங்கராஜு அதை, பரிசு வாங்குகிறவர் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை லேண்ட்ரோவர் பூனை மாதிரி போய் நின்றது. காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாஸ் பிழைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் காப்பிக்கடையில், ஒரு மனிதரின் பிழைப்பைத் தாம் காதாலேயே காப்பாற்றிய கதையைத் தங்கராஜு சொல்ல, ஒன்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். சத்தம் பின்னாலிருந்து வருகிறது என்று காதர் சொன்ன அந்த நிமிஷமே, ஒரு நட்டைக்கூடத் தொடாமல், "பின் சக்கரம்தான்" என்று மனசுக்குள் முடிவுகட்டினீர்களா இல்லையா? கட்டியிருந்தால் கூச்சப்பட வேண்டாம். காப்பிக்கடையில் புதுப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். தங்கராஜுவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.